ஏழுமலையின் ரிப்போர்ட்

செவ்வாயின் மூன்றாம் குவிமாடத்தில் காலையில் பல் தேய்த்துத் துப்பினால் போதும். தொட்டிக்கு மேலிருக்கும் நலக்கண்ணாடி எச்சிலைப் படித்து உடம்பின் சங்கதி அத்தனையையும் சொல்லிவிடும். குடும்பத்தின் மூத்தவருக்கு ஒரு பிரதியும் போகும். நறுமுகையின் அறிக்கைகள் நான்கு வருடமாகச் சேலத்திலிருந்த மாமியார் ரோஷினி அம்மாளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த அம்மாளின் கேள்வியும் பன்னிரண்டு நிமிடம் விண்வெளியில் பயணம் செய்து தினமும் வந்து சேர்ந்தது: “விசேஷம் ஏதாச்சும் உண்டா?”

விசேஷம் இல்லை. அறிக்கைகளின்படி நறுமுகைக்குக் குறையும் இல்லை. ஆகவே அவளையே பதினோராவது முறையாகச் சோதித்தார்கள்.

“அவ ஜாதகத்துல செவ்வாய் தோஷம்டா” என்றார் ரோஷினி அம்மாள், செவ்வாயிலேயே குடியிருக்கும் மகனிடம்.

ஆண்களின் உயிரணுச் சோதனைக்கு மட்டும் கண்ணாடி போதாது. நலமனைக்குப் போய்க் குப்பியில் மாதிரி கொடுக்க வேண்டும். கணவன் செங்குட்டுவன், குவிமாடத்துக்கு வெளியே கதிர்வீச்சில் நின்று கூரைக்கு ஒட்டுப்போடும் பொறியாளன், அந்தப் பக்கமே போகவில்லை.

“எங்க வம்சத்துல அப்படியெல்லாம் கிடையாது.”

“உங்க வம்சத்துல யாரும் செவ்வாய்க்கு வந்ததும் கிடையாதுங்க” என்றாள் நறுமுகை. “ஒரே ஒரு தடவை போயிட்டு வாங்க. இல்லன்னா பன்னெண்டாவது தடவைக்கு நான் போகமாட்டேன். உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க.”

போனான். ஆனால் பெயர் கேட்டபோது வாய் வரவில்லை. அறிக்கை அம்மாவுக்குப் போகுமே! அப்போதுதான் ஏழுமலை நினைவுக்கு வந்தான். ஏழுமலை அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் ரோபோ. கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கட்டும் என்று, குவிமாடத்தில் எல்லோரும் செய்வதுபோல், அதன் பெயரையும் குடும்ப அட்டையில் ஏற்றியிருந்தார்கள்: ஆண், வயது முப்பத்திரண்டு. குப்பியில் அந்தப் பெயரையே எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் அறிக்கையைப் படித்த நறுமுகை, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ரோபோவைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

“நம்ம ஏழுமலைக்கு உயிரணு கம்மியாம், பாவம். ஆறு மாசம் ஊசி போட்டா சரியாயிடுமாம். இல்லன்னா வங்கியிலிருந்து வேற ஆளோடத வாங்கிக்கலாமாம். அவன் எதுக்குச் சம்மதிப்பான்னு கேட்டுச் சொல்லுங்க.”

“ஊசிக்கு” என்றான் செங்குட்டுவன், சுவரைப் பார்த்து.

சேலத்திலிருந்தும் செய்தி வந்தது: “அந்த மெஷின் வீட்டுக்கு ஆகாதுடா. மாத்திரு.”

வியாழன்தோறும் நலமனையில் “ஏழுமலை!” என்று கூப்பிட்டார்கள். பேரரசன் ஒருவனின் பெயரைத் தாங்கியவன் எழுந்து போனான்.

பெண் குழந்தை பிறந்தது. பதிவகத்தின் இயந்திரம் அதன் மரபணுவை நலமனைக் குப்பியோடு ஒப்பிட்டு, துளி பிசகாமல் எழுதியது: தந்தை பெயர் ஏழுமலை.

“திருத்திக்கலாம் சார்” என்றார் பதிவாளர். “அந்தக் குப்பி உங்களோடதுதான்னு ஒரு கையெழுத்து போடுங்க. வழக்கம்போல பிரதி உங்கம்மாவுக்குப் போகும்.”

நறுமுகை பேனாவை நீட்டினாள். இத்தனை வருடமாக அவள் காத்திருந்தது குழந்தைக்காக மட்டுமல்ல.

செங்குட்டுவன் பேனாவை வாங்காமல் பதிவாளர் பக்கம் திரும்பினான்.

“பேர் மாத்துற ஃபாரம் இருக்கா?”

அன்றே அவன் அரசிதழில் ஏழுமலை ஆனான். ஒரே அட்டையில் இரண்டு ஏழுமலை கூடாது என்பதால் ரோபோவுக்குச் செங்குட்டுவன் என்ற பெயர் கிடைத்தது. அம்மாவிடம், எண் கணிதப்படி போன வருடமே பெயரை மாற்றிக்கொண்டதாகச் சொன்னான். இருபத்துநான்கு நிமிடத்தில் பதில் வந்தது.

“அதான் விசேஷம் நடந்திருக்கு ராசா! அடுத்ததுக்கு அவ பேரையும் மாத்திடு. குறை அவகிட்டதானே இருந்துச்சு.”

நறுமுகை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“டேய் செங்குட்டுவா, அடிப்பிடிச்ச பாத்திரத்த நல்லாத் தேய்டா!”

இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.