ஒலித்துளைக்குள் ஒட்டிய தாள்

தராசு பன்னிரண்டு கிராம் கூடுதலாகக் காட்டியது.

திங்கட்கிழமை அந்த யுகுலேலேயை நிறுத்தபோது முந்நூற்று நாற்பது. இன்று வியாழக்கிழமை மாலை முந்நூற்று ஐம்பத்திரண்டு. இடையில் வேறு எவரும் அதைத் தொடவில்லை. பூட்டிய அலமாரிக்குள் இருந்த பொருள். சாவி, விலை மதிப்பாளரான அவருடைய சட்டைப்பையை விட்டு அகலவில்லை. திங்கட்கிழமை எடை பார்த்த பிறகு நான்கு தந்திகளையும் அவரே கழற்றி வைத்திருந்தார். அப்படியானால் எடை குறைந்திருக்க வேண்டும், கூடியிருக்கிறது.

மழைதான் காரணம் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மூன்று நாளாக அந்த மாடி அறையின் சுவர்கள் வியர்த்துக் கிடந்தன. கதவு உப்பிப்போய்ச் சாத்தும்போது முனகியது. மேசை இழுப்பறைகள் திறக்க மறுத்தன. மரம் ஈரத்தைக் குடிக்கும் என்பது அவர் அறியாததா? அறிந்ததுதான். பன்னிரண்டு கிராம் ஈரத்தைக் குடித்த மரம் பிளந்துபோகும் என்பதையும் அவர் அறிவார். இதில் ஒரு கீறல்கூட இல்லை.

பழைய யுகுலேலேக்களை அடையாளம் கண்டு விலை மதிப்பது அவர் தொழில். கிதாரின் கைக்குழந்தை போன்ற அந்த வாத்தியத்தை அவர் முதலில் எடை பார்ப்பார். ஆதிக் கைவினைஞர்கள் பலகையை நகத்தின் கனத்துக்கு இழைத்தார்கள். தொழிற்சாலைகள் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. பிறகு முதுகில் விரலால் தட்டிக் கேட்பார். தந்திகளை இறுக்கும் முறுக்காணிகள் மரமா, உலோகமா என்று பார்ப்பார். கடைசியாக, பல் வைத்தியரிடம் இருப்பதைப் போன்ற நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியையும், நெல்மணி அளவு விளக்கையும் ஒலித்துளைக்குள் நுழைப்பார். உள்ளே இருக்கிறது உண்மை: மரத்தில் சுட்டுப் பதித்த முத்திரை என்றால் மாளிகை விலை, ஒட்டிய தாள் என்றால் மளிகை விலை. இதனால்தான் வணிகர்கள் அவரைக் கண்ணாடிக்காரர் என்று அழைத்தார்கள்.

திங்கட்கிழமை வந்தவள் ஒரு தையற்காரி. கழுத்தில் அளவுநாடாவைக் கழற்றக்கூட மறந்து, தலையணை உறைக்குள் அந்த வாத்தியத்தைப் போட்டு, பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கி வந்திருந்தாள். கணவனுக்கு இதய வால்வு பழுது. வெள்ளிக்கிழமை காலையில் அறுவைச் சிகிச்சை. வியாழன் மாலை ஏழு மணிக்குள் பணம் கட்டியாக வேண்டும். கொள்ளுத்தாத்தா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஏதோ ஒரு தீவில் வாங்கியதாம் இது.

"துணியைப் பத்திக் கேளுங்கய்யா, தொட்டுப் பார்த்தே சொல்லிடுவேன். மரத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றதுதான்" என்றாள்.

அவர் கண்ணாடியை நுழைத்தார். தேன் நிறத்தில் சுருள் சுருளாக ஓடிய ரேகைகளுக்கு நடுவே, கருகிய எழுத்துகளில், நூறாண்டுக்கு முன் இந்த வாத்தியத்தை முதன்முதலில் செய்த பட்டறையின் முத்திரை தெரிந்தது. வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே அவர் கண்ட முத்திரை. அதன் விலையில் கணவனின் நெஞ்சைச் சீர்செய்து, மீதியில் அவள் ஐந்தாண்டு ஊசியைத் தொடாமல் சாப்பிடலாம்.

அந்த நேரம் பார்த்து மருத்துவமனையிலிருந்து அவளுடைய கைபேசிக்கு அழைப்பு வந்தது. பேசுவதற்காக வெளி நடைக்குப் போனாள். அரை நிமிடம். இழுப்பறையில் பழுப்பேறிய தொழிற்சாலைத் தாள்கள் எப்போதும் இருந்தன, மாவுப்பசையும் இருந்தது. ஆவி காட்டினால் தடயமின்றி உரிந்துவிடும் என்பதால் மாவுப்பசை. நீண்ட இடுக்கியின் நுனியில் ஒரு தாளைப் பிடித்து, உள்ளே செலுத்தி, முத்திரையின்மேல் அமர்த்தி, நான்கு மூலைகளையும் அழுத்தினார். அவள் திரும்பி வந்தபோது கண்ணாடியை அவள் கையிலேயே கொடுத்தார். எழுத்து தெரிகிறது என்று அவளே சொன்னாள்.

"ஃபாக்டரி சரக்கும்மா. இவ்வளவுதான் போகும்."

சுவரில் கன்னம் வைத்துத் திருடுபவனுக்காவது பிடிபட்டால் அடி விழுமே என்ற அச்சம் உண்டு. அறிந்தவன் அறியாதவரிடம் அடிக்கும் கொள்ளைக்கு அந்த அச்சமும் இல்லை. அங்கே பூட்டு உடைவதில்லை, நாய் குரைப்பதில்லை, ஊர் கூடுவதில்லை. பறிகொடுத்தவரே கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்குகிறார். அவளும் அவர் கொடுத்த சொற்பத் தொகைக்கு வாத்தியத்தை விட்டுவிட்டு நன்றி சொன்னாள். குடையிலிருந்து மேசைமேல் சொட்டிய நீரைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வேறு போனாள். மூன்று இரவுகளாக அவரைத் தூங்கவிடாமல் செய்தது பணமல்ல, முத்திரையல்ல, அந்தக் கைக்குட்டை.

தொலைபேசி ஒலித்தது. வாங்கப் போகிறவர், வயது போனாலும் வாய் போகாத ஒரு சேகரிப்பாளர். ஏழு மணிக்கு வந்துவிடுவதாகவும், முத்திரையைப் பார்த்த பிறகே பையைத் திறக்கப்போவதாகவும் சொன்னார்.

"என்ன கண்ணாடிக்காரரே, இந்தத் தடவை எந்த அப்பாவி மாட்டுச்சு?" என்று கேட்டுவிட்டுத் தாமே சிரித்துக்கொண்டார்.

அவரும் சிரித்துவைத்தார். தொண்டையில் ஏதோ அரித்தது. இருமினார், போகவில்லை.

மணி ஆறு. கெண்டியில் நீரைக் கொதிக்கவைத்து, மெல்லிய குழாயின் வழியே ஆவியை ஒலித்துளைக்குள் செலுத்தினார். வெளியே மழை ஓடுகளில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்து மருந்துக்கடையில் யாரோ கதவை இழுத்து மூடும் இரும்புச் சத்தம் நீண்டு தேய்ந்தது. ஈர மாவின் புளிப்பு மணம் மெல்ல எழுந்து அறையை நிறைத்தது. தாளின் ஓரம் நெகிழ்ந்தது. இடுக்கியால் பிடித்து உரித்து வெளியே எடுத்து மேசையில் வைத்தார். பிறகு கண்ணாடியை நுழைத்துப் பார்த்தார்.

முத்திரை இல்லை. ஒரு தாள் இருந்தது.

அதே தொழிற்சாலை. அதே பழுப்பு. பதற்றத்தில் இரண்டை ஒட்டிவிட்டேனோ என்று நினைத்தார். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. மீண்டும் ஆவி, மீண்டும் இடுக்கி. இரண்டாவதும் வந்தது. அதன் கீழே மூன்றாவது. அதன் கீழே நான்காவது. ஈரத் தாள்கள் மேசையில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. மாவின் மணம் மாறிக்கொண்டிருந்தது. புளிப்பு போய், வேறொரு வாடை. நெடுநாள் திறக்காத வாயின் வாடை.

தராசில் வைத்துப் பார்த்தார். இத்தனை உரித்தும் முந்நூற்று எழுபது. மேலும் மூன்றை உரித்தார். முந்நூற்று எண்பத்தொன்பது.

அப்போதுதான் அந்தத் தாள்களை அவர் உற்றுப் பார்த்தார். ஒன்றின் இடது மூலை கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. அந்தக் கோணலை அவருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியை ஒருத்தி வந்த நாளில் கை நடுங்கிய கோணல் அது. இன்னொன்றின் நடுவில் கிழிசல். தகப்பனை அடக்கம் செய்யப் பணம் இல்லாமல் வந்த அண்ணன் தம்பிகளின் வாத்தியத்துக்குள் ஒட்டியது. மற்றொன்றில் அவருடைய பெருவிரல் ரேகை பசையோடு உலர்ந்து கிடந்தது. அவையெல்லாம் வேறு வேறு வாத்தியங்களுக்குள் ஒட்டிய தாள்கள். உரித்து, கசக்கி, எரித்த தாள்கள். இதுவரை எத்தனை பேர் என்று அவர் எண்ணியதே இல்லை. எண்ணுவது ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று அஞ்சி எண்ணாமல் விட்டார். அவர் எண்ணாமல் விட்டதை இது எண்ணி வைத்திருந்தது.

நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. இருபது. இருபத்தேழு. முப்பத்தொன்று.

முப்பத்திரண்டாவது தாள் லேசில் வரவில்லை. இழுத்தார். வாத்தியத்தின் பெட்டி சிலிர்த்தது. இழுத்தார். தாள் நீண்டு கொடுத்தது, ஈரத்தோல் போல. பிய்ந்து வந்த கணத்தில் ஒலித்துளைக்குள் காற்று விருட்டென்று உள்ளே போனது. மேசையிலிருந்த தாள்கள் துளையை நோக்கி அசைந்தன.

கண்ணாடியை நுழைத்தார். அடியில் மரம் இல்லை. சிவப்பாக ஏதோ இருந்தது. ஈரமாக. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

அவர் பின்வாங்கினார். நாற்காலி சாய்ந்தது. கண்ணாடி கையோடு இருந்தது. அதன்மேல் மூச்சுப்பனி படிந்திருந்தது. அது அவருடைய மூச்சல்ல.

மணி ஆறு முப்பத்தைந்து.

அச்சம் சில வேளைகளில் மனிதனை நேர்வழிக்குத் துரத்திவிடுகிறது. கொடுத்துவிட வேண்டும்! வாத்தியத்தையே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அல்லது ஏழு மணிக்கு வருகிறவரின் பணம் முழுவதையும் அவள் கையில் வைத்துவிட வேண்டும். இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. மருத்துவமனைக்காரர்களிடம் சற்றுப் பொறுக்கச் சொன்னால் போதும், ஓர் உயிர் மிஞ்சும். மேசைத் தொலைபேசியை இழுத்து, அவள் எழுதிக் கொடுத்துப்போன எண்ணைச் சுழற்றினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

அவர் வாய் திறக்கும் முன்பே அவள் பேசினாள். பின்னால் சக்கரப் படுக்கைகள் உருளும் ஓசை கேட்டது.

"ஐயா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். கேட்ட இடத்துலயெல்லாம் கை விரிச்சுட்டாங்க. இவர் வேற, அது அவ்வளவு அற்பமான சாமான் இல்ல, இன்னொரு தடவை கேளுன்னு பிடிவாதம் பிடிக்கிறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. ஏதாவது வழி இருந்தா இங்க கெஞ்சிக் கூத்தாடி நேரம் வாங்குவேன். இல்லேன்னா வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன். கடைசி நாளையாவது சொந்தப் படுக்கையில கழிக்கட்டும்."

அம்மா, நான் பொய் சொன்னேன். வாக்கியம் தயாராக இருந்தது. மூன்று இரவுகள் நெஞ்சுக்குள் உருண்டு உருண்டு மழுங்கிப்போன வாக்கியம். நாக்கு எழுந்தது. உதடு பிரிந்தது.

"ஃபாக்டரி சரக்கும்மா. இவ்வளவுதான் போகும்."

அவருடைய குரல். கனிவான குரல். தொழில்முறைக் குரல்.

இல்லை என்று சொல்ல முயன்றார். அதே வாக்கியம் வந்தது. பணம் கட்டுகிறேன் என்று கத்த முயன்றார். அதே வாக்கியம், அதே கனிவோடு, ஒரு சொல்கூடப் பிசகாமல்.

மறுமுனையில் அவள் குறுக்கிட்டாள்.

"சரிங்கய்யா. புரியுது, திரும்பத் திரும்பச் சொல்ல வேணாம். நீங்க படிச்சவங்க, இதுல போய் பொய்யா சொல்லப் போறீங்க? அவர்கிட்ட சொல்லிடறேன். நல்லா இருங்க."

இணைப்பு அறுந்தது. மறுபடி சுழற்றினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. ஓட வேண்டும். எங்கே ஓடுவது? எந்த மருத்துவமனை என்று அவர் கேட்டதே இல்லை.

தொண்டையில் அந்த அரிப்பு. இருமினார். எதுவோ அசைந்தது. ஓரமாக. தாளைப் போல.

விளக்கைப் பற்களுக்கிடையே பிடித்தார். கண்ணாடியைத் திறந்த வாய்க்கு எதிரே கொண்டுவந்தார்.

நாக்குக்கு அப்பால். உள்நாக்கின் கீழே. பழுப்புத் தாள். நேராக. ஒரு குமிழியும் இல்லாமல். நான்கு மூலைகளும் பக்குவமாக அழுத்தப்பட்டு. அவருடைய வேலைப்பாடேதான்.

இடுக்கியை எடுத்தார். நுழைத்தார். ஓரத்தைப் பிடித்தார். இழுத்தார். கண்ணில் நீர் தெறித்தது. வாயில் புளிப்பும் உப்பும் நிறைந்தன. தாள் கிழிபடும் ஓசை காதுக்கு வெளியே அல்ல, தலைக்கு உள்ளே கேட்டது. வந்துவிட்டது. சிவந்து, நீண்டு, இடுக்கியின் நுனியில் தொங்கியது.

கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

அங்கே இன்னொரு தாள் இருந்தது. அதன் ஓரங்களில் பசை இன்னும் உலரவில்லை.