வேப்பெண்ணெய் தடவிய வீடு

செருப்பு வார் அறுந்து கிடந்ததில் ஜூடித்துக்கு வியப்பில்லை. குட்டிநாய் இருக்கும் வீடு. வார் இன்னும் எச்சில் ஈரத்தோடு இருந்ததுதான் மனசை நெருடியது. குட்டி டிக்ஸி காலையிலிருந்து மாடியில் மௌரீன் வீட்டில்தானே இருந்தது. இப்போதுதான் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தாள்.

யோசிக்கத் தெம்பில்லை. கார்மெண்ட்ஸில் பகல் முழுக்க நின்றபடி சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிவிட்டு, பஸ்ஸில் நசுங்கி விவேக் நகர் வந்து சேர்ந்தவளுக்கு, முட்டிக்குக் கீழே கால் இருப்பதே வலியால்தான் தெரிந்தது. புருஷன் ரெமிஜியஸ் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபிறகு அவள் தனியாகக் கிடக்கிறாளே என்று மௌரீன்தான் குட்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தாள்.

“பல்லு முளைக்கிற நேரம், கடிக்கத்தான் செய்யும் ஜூடி. அடிக்காத. கடிக்கறப்ப ‘நோ’ன்னு ஒரே வார்த்தை, கண்டிஷனா சொல்லு. நாற்காலி, கட்டில் காலுக்கெல்லாம் வேப்பெண்ணெய் தடவிடு,” என்று அவளே சொல்லியும் கொடுத்தாள்.

ஜூடித் எல்லாம் செய்தாள். டிக்ஸியும் சீக்கிரமே கற்றுக்கொண்டது. முறுக்கி முடிச்சுப் போட்ட பழந்துணியை மட்டும் கடித்துக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தது. வீடு கடிபடுவதுதான் நிற்கவில்லை. நாற்காலிக் கால், சீப்பு, சோப்புக் கட்டி. ஒரு சாயங்காலம் படுக்கையறைக் கதவில், தாழ்ப்பாளை ஒட்டி மரம் பிய்ந்திருந்தது. அவள் இடுப்பு உயரத்தில். குட்டி எம்பினாலும் அவள் முட்டியைத் தொடாது.

விரலால் தடவிப் பார்த்தாள். நாயின் கூர்ப்பல் குத்திய குழிகள் இல்லை. பல் தடம் அகலமாக, தட்டையாக, வரிசையாக இருந்தது. கொய்யாப்பழத்தை மனுஷர் கடித்த மாதிரி.

மௌரீனைக் கூப்பிட்டுக் காட்டினாள். மௌரீன் குனிந்து அந்தத் தடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “இன்னிக்கு மேல வந்து படுத்துக்க,” என்றாள்.

“படி ஏற முடியலக்கா. கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்.”

மௌரீன் போனதும் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. மெழுகுவத்தி தேடக்கூட எழ மனமில்லாமல், டிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு, கால்களைத் தொங்கப்போட்டபடி கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னல் தகரத்தில் மழை கொட்டும் ஓசை, தெருச் சாக்கடை பொங்கிய வாடை, அறையெங்கும் வேப்பெண்ணெயின் கசந்த நெடி. கண் சொருகிக்கொண்டு வந்தது. அந்த மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

கறக். கறக்.

கட்டிலுக்கு அடியில்.

குட்டியின் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது. அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

“நோ,” என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டது.

சத்தம் நின்றது.

மழை மட்டும். அப்புறம் தரையில் ஓர் உரசல். கிட்டே. இன்னும் கிட்டே. குதிகாலில் சூடான மூச்சு.

இன்னொரு தரம் சொல்ல நாக்கு எழவில்லை. காலைத் தூக்க வலு இல்லை.

முதலில் மேல் பல் வரிசை பதிந்தது. பிறகு கீழ் வரிசை. கடிக்கவில்லை. எச்சில் கால் விரலிடுக்கில் வெதுவெதுப்பாக வழிய, அவள் குதிகாலை வாய்க்குள் வைத்துக்கொண்டு அது அசையாமல் இருந்தது.