குலாம் ரசூலின் கிருமி

கடைசித் தடத்திலும் கோடு தெரிந்தது.

அடையாற்றின் அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில், இருட்டறையின் ஊதா விளக்குமேல் ரத்த மாதிரிகளைத் தடம் தடமாக ஓடவிட்ட ஜெல் தகட்டை வைத்துக் குனிந்திருந்த மாளவிகாவுக்கு, ஏ.ஸி.யின் முனகலையும் முகமூடிக்குள் தன் மூச்சே சூடாகத் திரும்பி வருவதையும் தவிர வேறெதுவும் உறைக்கவில்லை. ரத்தத்தில் பரவும் ஹெபடைடிஸ் சி நோயாளிகளின் தடங்களில் கிருமியைக் காட்டும் ஆரஞ்சுக் கோடுகள் இருந்தன, இருக்க வேண்டியதுதான். கடைசித் தடம் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது, நோயில்லாதவருடையது. வெறுமையாக இருக்க வேண்டும். அதற்குக் கொடுத்திருந்தது அவளுடைய ரத்தம்.

கை தவறிக் கலந்திருக்கும் என்று உடன் வேலை செய்யும் ஜஹனாராவிடம் சொல்லிவிட்டு, புது ரத்தம் எடுத்துத் திரும்பச் செய்தாள். மறுபடியும் கோடு. ஜஹனாரா அந்தக் கிருமியின் மரபணு எழுத்துகளைப் படிக்க ஏற்பாடு செய்தாள். ஓர் உடம்புக்குள்ளேயே ஓயாமல் எழுத்து மாறும் கிருமி அது. ஆளுக்கு ஒரு சாயல். இரண்டு பேரிடம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அந்த எழுத்துகள் பதிந்த ஃபிலிம்கள் வந்தன. மாளவிகாவுடையதும் இன்னொன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

"இது யாரோடது?"

"குலாம் ரசூல். உங்க அபிராமபுரம் டெய்லர். போன மாசம் ஈரல் சுருங்கி மௌத்தாயிட்டாரே." ஜஹனாரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அவரு ரத்தம் உங்க உடம்புல எப்படிக்கா வந்துச்சு?"

தொண்ணூற்றாறு மழைக்காலம் நினைவுக்கு வந்தது. தெருமுனை டிஸ்பென்சரி. சட்டைக் கையை இறக்கிவிட்டபடி ரசூல் வெளியே வந்தார். அடுத்து இவள் உள்ளே போனாள். வைட்டமின் ஊசி.

இன்று காலையிலிருந்து மகள் வர்ஷினிக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அடையாறு பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. ஆற்று நாற்றம். ஹாரன்கள்.

டிஸ்பென்சரி. அதே தெருமுனை. ஸ்பிரிட் வாடை. கூட்டத்தை இடித்துக்கொண்டு அரைக்கதவைத் தள்ளினாள்.

கணவன் வெங்கடரமணன் திரும்பிப் பார்த்தான். மடியில் வர்ஷினி. குழந்தையின் கையில் பஞ்சு.

"ஊசி போட்டாச்சு. சமத்தா அழாம இருந்தா," என்றான். "நீ ஏன் இப்படி வேர்த்துண்டு நிக்கறே?"

டாக்டர் கண்ணாடி சிரிஞ்சை மேஜைமேலிருந்த கிண்ணத்து வெந்நீரில் தோய்த்து இழுத்தார். பீய்ச்சினார். நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அதே ஊசியில் மருந்தை ஏற்றினார்.

மாளவிகா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே பெஞ்சில் அவள் தெருக் குழந்தைகள். பாதிப் பேர் கையில் பஞ்சை அழுத்தியபடி பாட்டில் மருந்துக்குக் காத்திருந்தார்கள். மீதிப் பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.