கூப்பிடாத பொண்டாட்டி

"இது என்ன அத்தை?"

செல்வலட்சுமியின் கையில் ஆறு பெட்டி கம்பி மத்தாப்பு. சூட்கேஸின் அடியில், இரண்டு சேலைகளுக்கு நடுவே படுத்திருந்தவை. மறுபடி கையை விட்டாள். சங்குசக்கரம் ஒரு டஜன். புஸ்வாணம் நாலு.

காலை ஏழு மணி. ஒன்பதுக்குக் கார். மத்தியானம் மதுரையில் விமானம் ஏறினால் சென்னை, பம்பாய், அப்புறம் கணவன் இருக்கும் தார் எஸ் சலாம்.

"என்னன்னு தெரியலையாக்கும்? பேத்திக்கு வச்சேன்" என்றாள் மாமியார் வள்ளித்தாய். "அடுத்த மாசம் தீபாவளி. அந்த ஊர்ல புள்ள எதக் கொளுத்தும்?"

"ஐயோ அத்தை! பிளேன்ல வெடி வச்சா நம்மள போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாக!"

"எவன் புடிப்பான்? நம்ம விஸ்வநத்தத்து வெடி லாரியில போகுது, வடக்க அம்புட்டு ஊருக்கும் போகுது. உன் பொட்டியில மட்டும் போகாதாக்கும்?"

ஏழு வயது ஓவியா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வாரமாகவே அவள் கால் தரையில் இல்லை. அப்பா போனில் சொல்லிக் கொடுத்த அந்த ஊர்ச் சொற்களைத் தெருவுக்கே ஒப்பித்துவிட்டாள். ஜாம்போ என்றால் வணக்கம். கரிபு என்றால் வாங்க. ஜனவரியில் அவளுக்கு அங்கே பள்ளிக்கூடம்.

செல்வலட்சுமிக்கும் உள்ளுக்குள் அதே துள்ளல்தான். கணவன் முனியராஜ் அங்கே ஓர் அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறான். ஊரை விட்டுப் போய் நாலு வருஷம். பள்ளி நோட்டுகள் அடிக்கிற அந்த அச்சகத்தில் பைண்டிங் பிரிவுக்கு ஆள் வேண்டுமாம். சிவகாசியில் பத்து வருஷம் நோட்டு தைத்தவள் அவள். முதலாளியிடம் அவளே போனில் பேசி வேலையை உறுதி செய்துகொண்டாள். இரண்டு அறை வீடு பார்த்தாயிற்று. தெருமுனையில் குஜராத்திக்காரர் கடை, துவரம்பருப்பு கிடைக்கும். விருந்தாளியாகப் போகவில்லை. குடித்தனம் பண்ணப் போகிறாள்.

மத்தாப்புப் பெட்டிகளை எடுத்துத் தரையில் வைத்தாள். இடுக்கில் வேறு ஏதாவது இருக்குமோ என்று துணிகளையும் பாஸ்போர்ட் பையையும் வெளியே எடுத்தாள்.

வள்ளித்தாயின் முகம் மாறிவிட்டது.

"எடு, எடு... எல்லாத்தையும் தூக்கி எறி. என் கை பட்டதெல்லாம் இப்ப ஆகாததாப் போச்சு!"

"அப்படி இல்ல அத்தை..."

"பின்ன எப்படி? இத்தன வருஷம் உன்னத் திரும்பிப் பாக்காதவன் இப்பத்தான் கூப்பிட்டான். அதுக்குள்ள கால் தரையில பாவலையே! ஊரு பூரா என்ன சொல்லுச்சு? புருஷன் கூப்பிடாத பொண்டாட்டின்னு சொல்லுச்சு. அந்தச் செல்லத்தாய் வாய் கூசாமக் கேட்டாளே, ஒம் மகன் அங்கன வேற குடும்பம் வச்சிருக்கானான்னு! எனக்கு மானம் போச்சு. நீ என்ன குத்தம் செஞ்சியோ, எம் புள்ள வெறுத்துக் கெடந்தான்..."

செல்வலட்சுமி பதில் சொல்லவில்லை. மூன்று வருஷமாக அப்படித்தான். துணிகளை மடித்து மறுபடி அடுக்கினாள்.

"ஏம்மா, ஊருக்குப் போற நேரத்துல..." என்று வந்தான் கொழுந்தன் முத்துப்பாண்டி. பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். சீசன் நேரத்தில் அரைநாள் லீவு கேட்டு முதலாளியிடம் திட்டு வாங்கியிருந்தான்.

ஓவியா பாஸ்போர்ட்டுகளை மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"சித்தப்பா, எனக்கும் அம்மாவுக்கும் ரெண்டு ரெண்டு விசா ஒட்டியிருக்கு. ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு வர்றதுக்கா?"

"ரெண்டா? கொண்டா பாப்போம்."

செல்வலட்சுமி எட்டிப் பிடுங்கப் பார்த்தாள். அதற்குள் அது அவன் கைக்குப் போய்விட்டது.

"மதினி... இதுல ரெண்டாயிரத்து அஞ்சு ஜூலைன்னு போட்டிருக்கு."

"குடுங்க. நேரமாகுது."

"அப்பவே விசா வந்துச்சா? போகவேயில்லையே நீங்க!"

வள்ளித்தாய் மெல்ல உட்கார்ந்தாள். அந்த ஜூலையில்தான் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்து இரண்டு கையும் முழங்கை வரை வெந்து போயிருந்தது. நாலு மாதம். வாயில் சோறு ஊட்டியவள் யார், தலை சீவிவிட்டவள் யார், மலம் அள்ளிப் போட்டவள் யார் என்று அவளுக்குத் தெரியும். விசா எப்போது வந்தது என்றுதான் தெரியாது.

அந்த நேரம் பார்த்து முத்துப்பாண்டியின் செல்போன் அடித்தது. முனியராஜ்தான்.

"ஏலே, கெளம்பிட்டாகளா?"

"அண்ணே, ரெண்டாயிரத்து அஞ்சுலயே மதினிக்கு விசா எடுத்தியா?"

பதறிய குரல் எல்லோருக்கும் கேட்டது.

"யாரு சொன்னா? நான் சொல்லலை! புள்ள மேல சத்தியம் வாங்கியிருக்காடா அவ. நான் சொல்லலைன்னு அவகிட்ட சொல்லிரு!"

ஓவியா மட்டும் சிரித்தாள்.

"ஏத்தா லட்சுமி..." வள்ளித்தாயின் குரல் உடைந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா போன்னு சொல்லிருப்பீக."

"ஆமா, சொல்லிருப்பேன்!"

"நீங்க சொன்னா நான் போயிருப்பேன் அத்தை. எனக்கும் ஆசைதான். போயிருந்தா..."

வள்ளித்தாய் தழும்பேறிய கைகளால் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"நானும் உன்னக் கூப்பிடாத பொண்டாட்டின்னு சொன்னேனே... சோறு ஊட்டுன கையப் பாத்துச் சொன்னேனே... பாவி நான்!"

"விடுங்க அத்தை... அழாதீக."

செல்வலட்சுமியும் அழுதாள். அழுகிற கிழவியைத் தோளில் தாங்கியபடியே திறந்து கிடந்த சூட்கேஸைப் பார்த்தாள். போகாமல் நின்றுவிடும் பழைய யோசனை மறுபடி தலைதூக்கியது.

"வேணா ஒண்ணு செய்யலாம் அத்தை. நான் ஒரு மாசம் கழிச்சு..."

"அடி செருப்பால!" வள்ளித்தாய் துள்ளி விலகினாள். "எனக்குச் சோறு போட முத்துப்பாண்டி இருக்கான்."

"எனக்குச் சோறாக்கத் தெரியாதேம்மா."

"கத்துக்கோ! நீ பொட்டியப் பூட்டுலே!"

பிறகு வீடு பரபரத்தது. முத்துப்பாண்டி சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்தான், ஓவியா பூட்டினாள். ஒன்பதுக்குச் சொன்ன கார் எட்டரைக்கே வந்து நின்று ஹாரன் அடித்தது. செல்வலட்சுமி காலில் விழ எழுந்தபோது மாமியாரைக் காணோம். வாசலுக்கு வந்தாள். காரின் பின்சீட்டில், கட்டிய சேலையோடு, வள்ளித்தாய் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எங்க அத்தை?"

"நீ பிளேன்ல ஏறுறத என் கண்ணால பாக்கணும். உன்ன நம்ப முடியாது. ஏறு!"

கார் நகர்ந்தது. குழாயடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். செல்லத்தாயும் நின்றாள்.

"வண்டிய நிறுத்து!" என்றாள் வள்ளித்தாய். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "ஏ செல்லத்தாய்! கேட்டுக்கோ! எம் மகன் மூணு வருஷம் முந்தியே இவளக் கூப்பிட்டான். விசா ஒட்டியிருக்கு, எம் பேத்தி படிச்சா! நான் வெந்து கெடந்தேன்னு இவதான் போகல. எனக்காக நின்னா! நானும் உங்களோட சேந்து இவளத் தப்பாப் பேசினேன். எல்லார்கிட்டயும் சொல்லு!"

செல்லத்தாயின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

கார் ஆமத்தூரில் டீக்கு நின்றது. வள்ளித்தாய் இறங்கிப்போய், முன்பின் தெரியாத டீக்கடைக்காரரிடம் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் கண்ணாடித் தம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். ஓவியா அவரிடம் கரிபு சொன்னாள்.

வெட்கத்தில் செல்வலட்சுமிக்கு முகம் சிவந்தது. "அத்தை, போதும். நேரமாகுது. அவருக்கு இதெல்லாம் எதுக்கு?"

"நீ சும்மா இரு" என்றாள் வள்ளித்தாய். "நீ மூணு வருஷம் சும்மா இருந்தது போதும்."