வெள்ளிக்கிழமைக்காரன்

குடையை உதறியவன் பின்னால் பார்க்கவில்லை. அத்தனை மழைத்துளியும் அவள் முகத்தில்.

"கண்ணு எங்க சார் இருக்கு?"

"இவ்ளோ நேரம் கதவு மேல... இப்ப உங்க மேல."

முறைத்தாள். அவனுக்கோ சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்... தொலையட்டும். மருந்துத் தொழிற்சாலையின் பயிற்சி வகுப்புக்குத் தாமதமாக வந்தவர்கள் அவர்கள் இருவர்தான். வேறு வேறு பிரிவு ஆட்கள் ஜோடி சேர வேண்டும். வெள்ளிதோறும் தங்கள் இலக்கை நோக்கி என்ன செய்தோம் என்று ஒருவர் மற்றவரிடம் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் வாசலில் நின்ற இருவரையும் சேர்த்துவிட்டார்.

"உங்க இலக்கு?" என்றான், பேக்கிங் பிரிவுக்காரன்.

"புது யூனிட்டுக்கு மேற்பார்வையாளர். எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நான். லேப்ல டெஸ்ட் டியூப் கழுவியே கிழவியாக மாட்டேன்."

அவனுடைய இலக்கு என்னவென்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் கேன்டீனில் அவன். அவள் கணக்கைக் கேட்பான், தன் கணக்கைச் சொல்லமாட்டான்.

"சிடுமூஞ்சி மேடம், இந்த வாரம் என்ன கிழிச்சீங்க?"

"ஷிஃப்ட் அட்டவணை போட நானே கேட்டு வாங்கினேன்."

"அது சரி. ஆனா இன்டர்வியூல 'நல்லாப் பண்ணுவேன்'னு சொன்னா யாரு நம்புவா? போன மாசம் எதைச் சரி பண்ணீங்க, அதைச் சொல்லிப் பழகுங்க."

எரிச்சலாக வந்தது. ஆனாலும் வியாழன் இரவே மனம் வெள்ளிக்குப் போய்விடும்... அவள் காத்திருப்பது இலக்குக்கா, இவனுக்கா? ஒன்றும் விளங்கவில்லை.

நேர்காணல் நாள். வெளி பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையில்... அவன்.

"நீங்க எதுக்கு இங்க?"

"நீங்க எதுக்கோ, அதுக்குத்தான்."

"எப்போலேர்ந்து இந்த ஆசை?"

"நீங்க இங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடிலேர்ந்து... நீங்க கேக்கவே இல்லையே."

இத்தனை வெள்ளியும் தன் போட்டியாளரைத் தானே தயார் செய்திருக்கிறான், பைத்தியக்காரன்.

அவன் எழுந்தான். "நான் கிளம்புறேன். நீங்க உள்ள போங்க."

"உக்காருங்க," என்றாள். "யாரு உங்ககிட்ட தானம் கேட்டா? நீங்க விட்டுக்குடுத்து நான் ஜெயிச்சா, ஆயுசுக்கும் உங்க மூஞ்சில முழிக்க முடியாது."

"முழிக்கணுமா?"

ஜன்னலுக்கு வெளியே மழை அடித்துக் கொட்டியது. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

"முழிக்கணும்... தெரியல. எனக்கு அந்த வேலை வேணும். நீங்க தோக்கணும். ஆனா தோத்துட்டு உங்க முகம் வாடினா என்னால தாங்க முடியாது. இது என்ன எழவுன்னு நீங்களே சொல்லுங்க."

அவன் மெல்ல உட்கார்ந்தான். இந்த முறை கண்கள் சிரிக்கவில்லை.

"எனக்கும் அதே எழவுதான்... ரொம்ப நாளா."

உள்ளிருந்து அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தவனிடம் சொன்னாள்.

"போய் நல்லாப் பண்ணுங்க... நான் அதைவிட நல்லாப் பண்றேன்."