குழாய் தட்டுகிறது

தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாய்லரில் ஒரு கங்குகூட இல்லை. அப்படியிருந்தும் அந்த வண்டியின் குளியலறைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. டொக், டொக், டொக். கொஞ்சம் ஓய்ந்து, மறுபடியும் டொக், டொக், டொக்.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நஞ்சம்மாள் நிமிர்ந்தாள்.

“குழாய்தான் அம்மணி. சூட்டுக்குச் செம்பு விரியும், ஆறுனாச் சுருங்கும். அந்தச் சத்தம்” என்றார் ஈஸ்வரமூர்த்தி, கையிலிருந்த பஞ்சைப் பிய்த்துப் பார்த்தபடியே. அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கேட்கும் முன்பே வரும் பதிலை எந்தப் பெண்பிள்ளைதான் நம்புவாள்?

ஈஸ்வரமூர்த்திக்குக் கோயமுத்தூரில் பருத்தி அரைக்கும் மில் இருந்தது. சந்தை சந்தையாகப் போய்ப் பருத்தி வாங்குகிறவர், ஆனால் கண்ட இடத்தில் குளிக்கமாட்டார், கண்டவர் கையால் சாப்பிடமாட்டார். அதற்காக ஒரு லாரியின் முதுகில் வீட்டையே கட்டி ஏற்றிவிட்டார். மடித்து வைக்கும் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, பின்கோடியில் ஒரு ஆள் நின்று குளிக்கிற அளவுக்கு ஒரு அறை. வீட்டு மோட்டார் என்று ஊரே வாயைப் பிளந்து பார்த்தது.

அந்த அறையில்தான் போன தை மாதம் ராசம்மாள் செத்தாள். ஈஸ்வரமூர்த்தியின் முதல் சம்சாரம், நஞ்சம்மாளின் கூடப் பிறந்த அக்காள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்தாளாம், மயங்கி விழுந்தாளாம், பலவீனமான நெஞ்சாம். ஒரு மூட்டைக் கம்பை உரலில் குத்தினாலும் மூச்சு வாங்காத அக்காளுக்குப் பலவீனமான நெஞ்சு! அழுத கண் காயுமுன் பெரியவர்கள் கூடினார்கள், உறவு விட்டுப்போகக் கூடாது என்றார்கள், தங்கையைப் பிடித்து அதே ஆளுக்குக் கட்டிவைத்தார்கள். அக்காளின் தாலிப்பொன்னை உருக்கித்தான் தங்கைக்குத் தாலி செய்தது. அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் அவள் கழுத்தில் தாலியோடு சேர்ந்தே கிடந்தது.

அன்று மத்தியானம் மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாற்றுப் பக்கம் ஒரு பாக்குத்தோப்பை ஒட்டி வண்டி நின்றது. நிற்கும்போதே இடப்பக்கம் சாய்ந்துதான் நின்றது. மலைமேல் மழைக்கருக்கல் கட்டி, பகலிலேயே தோப்புக்குள் இருட்டு இறங்கியிருந்தது. அழுகிய பாக்குமட்டை வாடை, ஈர மண் வாடை, அதற்கு நடுவே எங்கிருந்தோ லேசாகப் பூசுமஞ்சள் வாடை. நஞ்சம்மாள் கல்யாணத்துக்கு அப்புறம் மஞ்சள் பூசிக் குளித்ததே இல்லை. வீம்புக்காகவே பூசவில்லை.

டிரைவர் ஷேக் பரீத் ஆற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து கூரைத்தொட்டியை நிரப்பினார். குளியலறைக்குள் நின்ற செம்புப் பாய்லரில் கரியைக் கொட்டி விசிறினார். அதன் புகைக்குழாய் முன்பெல்லாம் கூரையைத் தாண்டி வெளியே போனது. மரக்கிளை இடிக்கிறதென்று, ராசம்மாள் இருந்தபோதே முதலாளி அதை வெட்டச் சொல்லிவிட்டார். இப்போது அது கூரைப் பலகைக்குக் கீழேயே நின்றுபோக, புகை வெளியே போக வழி தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றியது.

குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், மேலே ஓர் ஆணியில் தேங்காய்நார்க் கயிறு தொங்கியது.

“ஏனுங் பரீத்தண்ணா, இதென்னத்துக்குங்க கயிறு?”

“அதுங்களா அம்மணி. இந்த வண்டிக்குக் கூடு கட்டுனது காங்கேயத்து மாட்டுவண்டி ஆசாரிங்க. வண்டிப் பொறக்கதவுக்கு வெளியில மாட்டற இரும்புக் கொண்டியவே இதுக்கும் போட்டுட்டாரு. வண்டி சாஞ்சு நின்னா அதுவா உழுந்து மாட்டிக்கும். உள்ள இருக்கறவங்க தொறக்க முடியாதுங்க. அதனால மொதலாளி குளிக்கறப்பல்லாம் தூக்கிக் கட்டிட்டுத்தான் போவாரு. வண்டி வந்த நாள்ல இருந்தே அப்படித்தானுங்க.”

“அக்காளுக்கு ஆராச்சும் கட்டுனாங்களா?”

பரீத் குடத்தைக் கீழே வைத்தார். “அன்னைக்கு வண்டி இங்கதான் நின்னுச்சுங்க. என்னையப் பாக்கு ஏவாரி ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டாரு. திரும்பி வந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு.” இன்றைக்கும் முதலாளி அவரை அந்த வியாபாரி வீட்டுக்கே போகச் சொல்லியிருந்தார். பரீத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் நடந்து மறைந்தார்.

புருஷன் குளிக்க ஈரிழைத்துண்டும் வேட்டியும் வைக்க நஞ்சம்மாள் குளியலறைக்குள் போனாள். கரியின் சூடு முகத்தில் அடித்தது. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, அதைப் பிடுங்கியெடுத்த நாலு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. இனி எவளும் உள்ளே பூட்டிக்கொள்ள வேண்டாம் என்று அவரே கழற்றிப் போட்டதாக ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். கதவின் கீழ்ப்பாதியில் புதுத் தகரம் அடித்திருந்தது. தண்ணீர் பட்டால் மரம் உளுத்துப்போகுமாம். அப்படியானால் சுற்றுப்பலகைக்கு ஏன் தகரம் இல்லை?

ஒரு மூலையில் ஆணி தளர்ந்திருந்தது. விரலை நுழைத்துத் தகரத்தை வளைத்தாள்.

தேக்குப் பலகை முழுக்கப் பள்ளங்கள். பிறை பிறையாக. ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று. எல்லாம் முழங்கால் உயரத்தில், நிற்க முடியாமல் கீழே உட்கார்ந்துவிட்ட ஒருத்தியின் கை எட்டுகிற உயரத்தில். பள்ளங்களுக்குள் மஞ்சள் காய்ந்து கிடந்தது. பாய்லர் பக்கத்தில் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து அதன் விளிம்பை ஒரு பள்ளத்தில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

சொம்பால் அடித்திருக்கிறாள். கதவு நசுங்கும் அளவுக்கு அடித்திருக்கிறாள். அதைக் குழாய் என்றானா, பாவி?

தகரத்தைப் பழையபடி அழுத்திவிட்டு, சொம்பை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“தண்ணி காஞ்சிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே ஈஸ்வரமூர்த்தி வந்தார். அவள் வெளியே வந்தாள். அவர் கொண்டியைத் தூக்கினார், கயிற்றைச் சுற்றினார், முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தனக்கென்றால் எவ்வளவு கவனம்!

நஞ்சம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். கொண்டி தானாக விழுந்தது. சின்னச் சத்தம்தான்.

“நஞ்சா, கொண்டி உழுந்திருச்சாட்ட இருக்குது. எடுத்துவுடு.”

அவள் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

உள்ளேயிருந்து கையால் தட்டினார். அப்புறம் இன்னும் பலமாக.

“குழாய் தட்டுதுங்க” என்றாள் நஞ்சம்மாள்.

“வெளையாட்டா உனக்கு? கரி மூட்டம் கண்ணைக் கட்டுதுடீ!”

“அக்கா தட்டுனது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா, இல்லீங்களா?”

இருமல். முனகல். கதவின்மேல் உடம்பு சாயும் சத்தம். “கேட்டுச்சு” என்றார் கடைசியில். “காத்தால என்னைய எதுத்து வாய் பேசிப்போட்டா. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்னு உட்டுட்டேன். செத்துப்போவான்னு நெனைக்கல.”

“சத்தம் நிக்கற வரைக்கும் கேட்டுட்டு இருந்தியா?”

“காப்பி குடிச்சுட்டு இருந்தேன் நஞ்சா. தொறந்துவுடு.”

காப்பி. ஆனாலும் அவனைக் கொல்ல அவள் நினைத்ததில்லை. இதே வாயால், இதே வார்த்தையை, அப்பன் முன்னாலும் அந்தப் பெரியவர்கள் முன்னாலும் அவன் சொல்ல வேண்டும். பலவீனமான நெஞ்சு என்று நம்பியவர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்க வேண்டும். அதற்கு அவன் உயிரோடு வேண்டும்.

கொண்டியைத் தூக்கினாள். கதவை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். உள்ளே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அங்கே இல்லாத தாழ்ப்பாள் நகர்ந்து, குழியில் போய் விழுந்தது. டக்.

“உள்ள என்னத்தைப் போட்டு அடைக்கற? கதவு வர மாட்டீங்குது!”

“நான் போடலே…” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. “நஞ்சா… இங்க… இவ…”

அத்தோடு நின்றுவிட்டது.

அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். பலகையில் காலை ஊன்றி இழுத்தாள். “அக்கா!” என்றாள். தன்னையறியாமல் வந்த வார்த்தை. “அக்கா, உட்டுரு! அவன் சொல்லோணும்! எல்லாருக்கும் சொல்லோணும்!”

டொக், டொக், டொக்.

பித்தளை. தகரத்தின்மேல் இல்லை, மரத்தின்மேல். முழங்கால் உயரத்தில்.

அப்புறம் தண்ணீர் மொள்ளும் சத்தம். ஊற்றும் சத்தம். மறுபடி மொள்ளும் சத்தம். அவசரமே இல்லை. நல்ல நாளில் தலைக்குக் குளிக்கிற ஒருத்தியின் நிதானம்.

நஞ்சம்மாள் வண்டியை விட்டுக் குதித்தாள். அடியில் குனிந்து பார்த்தாள். கழிவுநீர்க் குழாயிலிருந்து தண்ணீர் பாக்குமட்டைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. கை நீட்டினாள். வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளங்கை முழுக்க மஞ்சள்.