ஈரக்கல்

1958 ஜனவரி 27, திங்கட்கிழமை. ஜப்பானின் மைசுரு துறைமுக நகரத்தில் சலூன்களுக்கு அன்று வார விடுமுறை.

காலை ஆறரைக்கு மசுயோ, வீட்டையும் கடையையும் பிரிக்கும் திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். சாணைக்கல் ஈரமாக இருந்தது.

முந்தின நாள் கடைசி ஆள் போனதும் அவள் அதைத் துடைத்து, பருத்தித் துணியில் சுருட்டி, கண்ணாடிக்குக் கீழே இழுப்பறையில் வைத்திருந்தாள். குளிர்காலத்தில் கல்லை ஈரமாக விட்டால் உள்ளே இறங்கிய தண்ணீர் உறைந்து, விடிவதற்குள் அதைப் பிளந்துவிடும். சவரக்கத்தி பிடிக்கிற எவரும் அதில் கவனம் தப்புவதில்லை. இப்போது கல் இழுப்பறைக்கு மேலே, மரத்தாங்கியில், தண்ணீர் மினுங்க உட்கார்ந்திருந்தது. துணி பக்கத்தில் நான்காக மடிக்கப்பட்டுக் கிடந்தது. மசுயோ துணியை மடிக்கமாட்டாள், சுருட்டுவாள். நான்காக மடிப்பது அவள் புருஷன் கென்கிச்சியின் வழக்கம்.

கென்கிச்சி செத்து அன்றைக்கு நாற்பத்தொன்பதாம் நாள். அதுவரை வீட்டுக் கூரையடியில் தங்கியிருக்கும் ஆவி கிளம்ப வேண்டிய நாள் என்பது ஊர் நம்பிக்கை.

அவள் கல்மேல் விரல் வைத்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டில் அடுப்பு இன்னும் மூட்டவில்லை.

"போற நாள்ல உங்களுக்கு என்ன வேலை இங்க?" என்று வாய்விட்டுக் கேட்டாள். கல்லைத் துடைத்தாள், சுருட்டினாள், உள்ளே வைத்து இழுப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உள்ளங்கை அகலக் கல் அது. கியோத்தோ மலையிலிருந்து வெட்டியது, வெந்த முட்டையின் மஞ்சள் கரு நிறம். போர் முடிந்த இரண்டாம் வருஷம் மசுயோவின் கல்யாணப் பட்டுக் கிமோனோவும் இடைப்பட்டியும் விற்ற காசில் வாங்கியது. வாங்கிய அன்றே கென்கிச்சி சொல்லிவிட்டான், பொம்பளை கை பட்டால் கல் வழுக்கும் என்று. பத்து வருஷம் அவள் அதைத் தொடவில்லை. திரைக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டே காதால் தொழில் கற்றாள். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரப் படிந்து போகும்போது வரும் ஷ்ஷீ என்ற ஓசை, அது தடித்தால் இன்னும் மழுங்கல், மெலிந்தால் கூர் ஏறிவிட்டது. கென்கிச்சிக்கு ஒரு கெட்ட பழக்கம். கத்தியைப் புரட்டும்போது அதன் முதுகைக் கல்லின் ஓரத்தில் இடிப்பான். ஷ்ஷீ, ஷ்ஷீ, டக். அவசரக்காரன். அவன் இல்லாதபோது வேறு கல்லில் பழகிய மசுயோவின் கை ஒருநாளும் இடித்ததில்லை. உரிமம் கூட அவள் பெயரிலும் இருந்தது.

டிசம்பர் பத்தாம் தேதி குளியல் தொட்டியில் இதயம் நின்று போனான். அவளேதான் அவனுக்குக் கடைசிச் சவரம் செய்தாள், இருந்த மூன்றில் நல்ல கத்தியால். பிறகு அதே கத்தியை மடக்கி, வெள்ளைத் துணி சுற்றி, கெட்டது எதுவும் அண்டாமலிருக்க அவன் மார்பில் வைத்தார்கள். எரியூட்டுமுன் எடுத்து அவள் கையில் கொடுத்தான் கென்கிச்சியின் தம்பி தோராசோ. அவனும் பக்கத்து ஊரான அயாபேயில் சலூன் வைத்திருப்பவன்தான். "இது இனி கல்லுல ஏறக்கூடாது அண்ணி. தெரியுமில்ல? ஆத்துல விட்டுருங்க" என்றான். அவள் தலையாட்டினாள்.

ஆனால் வருஷக் கடைசி வந்தது. புதுவருஷத்துக்குள் முகம் வழித்துக்கொள்ளாத ஆண் அந்த ஊரில் கிடையாது. வாசல்வரை வரிசை. இரண்டு நாற்காலி, ஒரு ஜோடிக் கை. ஒரு கத்தியின் விளிம்பில் பல் விழுந்துவிட்டது. இருபத்தெட்டாம் தேதி மசுயோ வெள்ளைத் துணியைப் பிரித்து, செத்தவனின் கத்தியைக் கல்லில் ஏற்றினாள். கல்லிலிருந்து கரைந்து வந்த பாலில் ஊதுபத்தி வாடை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாடை, ஈரமான சவக்கோடித் துணியின் வாடை. அவள் கழுவிவிட்டாள். அந்த விளிம்பு போல ஒன்றை அதற்குமுன் அவள் பிடித்ததில்லை. 'உன் புருஷன் கையைவிட உன் கை மேல்' என்று எழுந்துபோன ஆண்கள் சொன்னார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பத்து மணிக்குக் கோயிலில் மந்திரம் முடிந்து, எலும்புக் கலசத்தைக் குடும்பக் கல்லறைக்குள் இறக்கினார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் தோராசோ ஆரம்பித்தான்.

"அண்ணி, அண்ணன் பொருளைப் பங்கு வைக்கிற நாள் இன்னைக்கு. எனக்குக் கோட்டு வேணாம், கடிகாரம் வேணாம். அந்தக் கல்லு மட்டும் போதும்."

"கல்லு மட்டும் போதுமா? அப்புறம் நான் என்ன பண்றது தம்பி, உங்க ஊர்ப் பட்டு ஆலையில நூல் சுத்தட்டுமா?"

"ஆம்பளை தீட்டுன கல்லு அது. பொம்பளை கைக்கு வழுக்கும்."

"என் கல்யாணப் பட்டை வித்தப்ப யாருக்கும் வழுக்கலையே. வருஷக் கடைசியில நூத்திப் பத்துத் தாடை எடுத்தேன், ஒரு கீறல் கிடையாது. நம்பலைன்னா உங்க தாடையைக் காட்டுங்க."

பெரியப்பா ஒருவர் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சிரித்தார். "காட்டிராதடா தோராசோ, கோவத்துல இருக்கா."

தோராசோ சிரிக்கவில்லை. "நாலு நாப்பது ரயிலுக்குப் போறேன். நாலு மணிக்கு வருவேன். கட்டி வையுங்க. இல்லைன்னா நானே எடுத்துக்குவேன்."

"வந்து எடுத்துப் பாருங்க."

இரண்டு மணிக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். வெளியே பனி தட்டுத்தட்டாக இறங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்து தோஃபுக்கடை ஷிகே, மிஞ்சிய தோஃபுவை வாளியோடு கொண்டுவந்து வாசலில் நின்றாள்.

"ஏண்டி, கோயிலுக்குப் போற அன்னைக்கும் விட மாட்டியா நீ? காலைல பூரா சுவரு வழியா ஷ்ஷீ ஷ்ஷீன்னு. கத்தி மிச்சமிருக்கா, தேஞ்சு ஊசியாயிடுச்சா?"

"எப்ப?"

"பத்து மணிக்கு ஆரம்பிச்சே. பன்னெண்டு வரைக்கும் ஓயல. எங்க வீட்டுக்காரர் கேக்கறாரு, சாமியார் தலையை வழிக்கப் போறாளான்னு."

பத்து மணிக்கு மசுயோ கல்லறை முன்னால் கைகூப்பி நின்றிருந்தாள். வீட்டில் ஒருவரும் இல்லை.

"ஆமா, கொஞ்சம் வேலை இருந்துச்சு" என்றாள். வாளியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

சமையலறையில் நின்று கேட்டாள். கூரையிலிருந்து பனி சரியும் சத்தம், தூரத்தில் துறைமுகத்துச் சங்கு, கரியடுப்பில் ஒரு துண்டு உடைந்து விழும் சத்தம், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அடங்கியபின் அவற்றுக்கெல்லாம் அடியில், முதலிலிருந்தே அங்கிருந்தது போல, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அரிசி களையும்போது பத்து வருஷம் அவள் கேட்ட அந்த ஓசை வந்துகொண்டிருந்தது.

ஷ்ஷீ. ஷ்ஷீ. டக்.

இடுப்பில் சாவி இருந்தது. தொட்டுப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரிந்த வழி இரண்டுதான். கத்தியையும் கல்லையும் ஒன்றாகக் கட்டி ஆற்றில் விட்டுவிடலாம். அல்லது தோராசோவிடம் கொடுத்து, கல்லோடு செத்தவனையும் அவன் கூரைக்கே அனுப்பிவிடலாம். கல் போனால் கத்தி இல்லை, கத்தி போனால் கடை இல்லை. முப்பத்தாறு வயதில் யார் வீட்டு அடுப்படியிலாவது போய் நிற்க வேண்டும். காலை ஓங்கித் தரையில் ஒரு மிதி மிதித்துவிட்டு, திரையை விலக்கினாள்.

ஓசை நின்றது.

ஜன்னல் பாதிவரை பனி ஏறியிருந்தது. அறை முழுக்கத் தண்ணீருக்கடியில் இருப்பது போன்ற நீல வெளிச்சம். இழுப்பறை பூட்டியிருந்தது. கல் அதற்கு மேலே இருந்தது. அதன்மேல் செத்தவனின் கத்தி, விரிந்து, முதுகும் விளிம்பும் படிந்து. கல்லின் பால் கறுத்துத் தடித்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பாலில் முடித்துணுக்குகள். கட்டையான, நரைத்த, தாடை முடி. ஊதுபத்தி வாடை. சவக்கோடி வாடை.

கத்தியை ஒதுக்கி, கல்லை இரு கையாலும் எடுத்தாள்.

அது நகரவில்லை. யாரோ மறுபக்கம் பிடித்திருந்தார்கள். அவள் விரல்களுக்கு மேல் விரல்கள் வந்து படிந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஈரம், குளிர், சோப்பில் ஊறி வெடித்த நுனிகள். அவளுக்குத் தெரிந்த கை. அழுத்தியது. எலும்பு நெரிந்தது.

"விடுங்க" என்றாள்.

இன்னும் அழுத்தியது.

"விடு."

பதினைந்து வருஷத்தில் அவனை அவள் அப்படிப் பேசியதில்லை. கை ஒரு கணம் தளர்ந்தது. அவள் வெடுக்கென்று இழுத்துக் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இது என் பட்டு. என் இடைப்பட்டி. இது உன்னோடது இல்ல, எப்பவும் இல்ல. போறியா, போ. போகமாட்டியா, இருந்துக்கோ. ஆனா கல்லைத் தொடக்கூடாது. இந்தக் கடைல தீட்டறவ நான்." மூச்சு வாங்கியது. "சவரம் வேணுமா? வர்றவங்க எங்க உக்காருவாங்களோ அங்க போய் உக்காரு."

பனி சரிந்தது.

பிறகு ஜன்னலோரத்து நாற்காலியின் தோல் முனகியது. மெத்தை நடுவில் மெதுவாகப் பள்ளம் விழுந்தது. தலைசாய்ப்புப் பலகை அரை அங்குலம் பின்னால் போனது.

மசுயோ கல்லைக் கழுவினாள். சின்னக் கல்லால் தேய்த்துப் புதுப் பால் எடுத்தாள். கத்தியைப் படிய வைத்து இழுத்தாள். ஷ்ஷீ. புரட்டினாள், இடிக்காமல். ஷ்ஷீ. நாற்காலி ஒவ்வொரு இழுப்புக்கும் கிரீச்சிட்டது. அவள் நிறுத்தவில்லை. நாற்பது முறை. தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி விளிம்பில் தொட்டாள். சத்தமில்லாமல் அறுந்தது. தோல்வாரில் தேய்த்தாள். கிண்ணத்தில் நுரை எழுப்பினாள். பிரஷோடு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

காற்றில் பூசினாள்.

நுரை நின்றது.

முதலில் ஒரு தாடை எலும்பு. பிறகு கன்னம். மேலுதடு. முகவாய்ப் பள்ளம். தொண்டையின் முடிச்சு. காற்றில், தலைசாய்ப்புக்கு ஒரு சாண் முன்னால், வெள்ளையாக அரை முகம். அதற்கு மேலே கண்ணாடியும் ஜன்னலும் பனியும் தெரிந்தன.

கத்தியை வைத்தாள். விளிம்பு எதன்மேலோ மொரமொரவென்று போனது. நாற்பத்தொன்பது நாள் தாடி. வழித்த இடத்தில் கன்னம் இல்லை, நாற்காலியின் தோல்தான் தெரிந்தது. நுரையைக் காகிதத்தில் துடைத்தாள். நரை. இன்னொரு இழுப்பு. நரை. காகிதம் நிரம்பியது. வேறு காகிதம்.

நாலு மணிக்கு வாசல்கதவு இழுபட்டது. தோளில் பனியோடு தோராசோ உள்ளே வந்தான். "கட்டி வச்சீங்களா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தான்.

பாதி வழித்த முகம் அவன் பக்கம் திரும்பியது.

உதட்டு நுரை பிளந்தது. உள்ளே ஓட்டை. நாற்காலியின் முதுகு தெரிய வேண்டிய இடத்தில் அது தெரியவில்லை. கறுப்பு. இன்னும் அகலமாகத் திறந்தது. இன்னும்.

தோராசோவின் தொப்பி கீழே விழுந்தது.

மசுயோ இடது கையால் அந்த முகவாயைப் பிடித்து நேரே திருப்பினாள்.

"ஆடாத" என்றாள். "கழுத்து பாக்கி இருக்கு."

தோராசோ நாலு நாற்பது ரயிலில் அயாபேக்குத் திரும்பினான். எதையும் எடுத்துப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மசுயோவின் சலூன் திறந்தது. வந்தவர்களை அவள் கதவோரத்து நாற்காலியில் மட்டும் உட்காரவைத்தாள். ஜன்னலோரத்து நாற்காலியின் வேலையை ஏழரை மணிக்கே முடித்திருந்தாள்.